தொடக்கநிலை 3 மகன்: தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள், புதன்கிழமை வந்தால் வயிற்றுவலி. என்ன செய்வது?

புங்கோல்_அம்மா:

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 9 வயது, இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 3. தொடக்கநிலை 1 ஆரம்பத்திலேயே ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான் என்று எல்எஸ்பி என்னும் கூடுதல் உதவி வகுப்பில் போட்டார்கள். இரண்டு வருடம் போனான், கொஞ்சம் முன்னேற்றம்தான், ஆனால் கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், இவன் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறான். தமிழில் இன்னும் மோசம். நேற்று பாடநூலில் "கொடி" என்று இருந்ததை "கெடி" என்றான், திருத்தினேன், அடுத்த வரியில் அதே சொல் வந்தபோது "கேடி" என்றான். நான் சிரித்துவிட்டேன், அவன் புத்தகத்தை மூடிவிட்டான். சிரித்திருக்கக் கூடாது.

இதே பையன் வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது. போன மாதம் புங்கோல் வாட்டர்வே நீர்வழியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, என் மாமியாரிடம் அரை மணி நேரம் தமிழில் கதை சொன்னான், எது அப்பா, எது சேட்டைக்கார குட்டி, எது மீனைப் பங்கு கொடுக்காமல் ஓடியது என்று கையை ஆட்டி ஆட்டி. அதையே எழுதச் சொன்னால் நாற்பது நிமிடத்தில் இரண்டு வரி. அதிலும் பாதி அழித்தது.

இப்போது வகுப்பாசிரியர் கூப்பிட்டு, உளவியலாளர் மதிப்பீடு செய்து பார்க்கலாம், டிஸ்லெக்சியாவாக (எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) இருக்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பையன் பேரில் ஒரு முத்திரை விழுந்துவிட்டால் உயர்நிலைப்பள்ளி, என்எஸ் (தேசிய சேவை), வேலை என்று கடைசி வரை ஒட்டிக்கொண்டே வருமாம். மாமியார், "இவன் அப்பனும் இப்படித்தான் எழுத்துக்கூட்டிக்கிட்டே கிடந்தான், தானா சரியாயிடும்" என்கிறார். படிவம் மூன்று வாரமாக ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

டியூஷன் ஆசிரியை ஒருவர் சொல்வது வேறு. இரண்டு மொழி போட்டுக் குழப்புவதால்தான் இப்படி, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பள்ளியில் தாய்மொழிக்கு விலக்கு வாங்கிவிடுங்கள் என்கிறார். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. அப்போது என் மகன் யாரிடம் நீர்நாய்க் கதை சொல்வான்?

கடைசியாக ஒன்று. செவ்வாய் இரவு வயிறு வலிக்கிறது என்கிறான், புதன் காலையில் வாந்தி வருகிறது என்கிறான். மருத்துவரிடம் இரண்டு முறை போனோம், வயிற்றில் ஒன்றுமில்லை. பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். புதன்தான் சொல்வதெழுதுதல்.

யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

ஜூரோங்_ரெண்டு_பசங்க:

தங்கச்சி, முதலில் அந்தப் படிவத்தை ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுங்கள். என் பெரியவனுக்குத் தொடக்கநிலை 2 முடிவில் தெரிய வந்தது, இப்போது உயர்நிலை 1. நாங்களும் ஆறு மாதம் யோசித்தோம். அந்த ஆறு மாதம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது, மதிப்பீடு உறுத்தவில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது யாரும் சேர்த்துச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகத் துருவித் துருவித் தெரிந்துகொண்டது. எல்எஸ்பி என்பது தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு, ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய எல்லாருக்கும் பொதுவானது. டிஸ்லெக்சியாவுக்கென்று தனியாகப் பள்ளிக்குள்ளேயே எஸ்டிஆர் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, தொடக்கநிலை 3, 4-க்கு, சின்னக் குழுவாக வைத்து எழுத்தையும் ஒலியையும் அடியிலிருந்து கட்டுகிற மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடக்கநிலை 2 முடிவிலேயே நடக்கும். உங்கள் மகன் பெயர் அப்போது வந்ததா, வராவிட்டால் ஏன் என்று நேராகக் கேளுங்கள். தொடக்கநிலை 3 ஓடிக்கொண்டிருக்கிறது, இதில்தான் நேரம் போகிறது.

பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று எஸ்இஎன் அதிகாரி ஒருவர் இருப்பார், முன்பு ஏஇடி என்பார்கள். வகுப்பாசிரியரோடு நிறுத்தாமல் அவரையும் பாருங்கள். மதிப்பீட்டைப் பள்ளி வழியாகக் கல்வி அமைச்சின் உளவியலாளர் செய்யலாம். இல்லாவிட்டால் 1991 முதல் இயங்கும் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்தில் செய்துகொள்ளலாம், அங்கே வகுப்பும் உண்டு, வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவியும் உண்டு. தனியார் உளவியலாளரிடம் போனால் சீக்கிரம் முடியும், ஆனால் எங்களுக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. கேகே மருத்துவமனையிலும் என்யுஎச்சிலும் இருக்கும் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுகள் பெரும்பாலும் பாலர் பள்ளி வயதுக்காரர்களுக்கு, 9 வயதுக்கு அங்கே ஓடாதீர்கள். நான் ஓடினேன், அரை நாள் விடுப்புதான் மிச்சம்.

அறிக்கை வந்தால் என்ன லாபம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். தொடக்கநிலை 6 முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, பெரிய எழுத்தில் வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகத் தேர்வுக் கழகத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும், அதுவும் பழையதாக இருக்கக் கூடாது. என் மகன் அறிவியல் தாளில் விடை தெரிந்தும் முடிக்காமல் வைத்துவிட்டு வருவான். கூடுதல் நேரம் கிடைத்த பிறகு முடித்தான். கேள்வியை யாரும் எளிதாக்கிக் கொடுக்கவில்லை, அவன் வாசித்து முடிக்கிற வரை கடிகாரம் காத்திருந்தது, அவ்வளவுதான்.

தமிழ் விலக்கு பற்றி. கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விலக்கு என்பது பள்ளி விண்ணப்பித்து, அமைச்சு ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பார்த்துக் கொடுப்பது, கேட்டவுடன் கிடைப்பதில்லை. கிடைத்தால் பிஎஸ்எல்இயில் தாய்மொழிக்கு மற்றப் பாடங்களை வைத்து ஒரு மதிப்பெண் போடுவார்கள், அது ஏஎல் என்னும் அடைவுநிலையில் (1 சிறந்தது, 8 கடைசி) 6 முதல் 8 வரைதான் இருக்கும். தொடக்கநிலை 5-இல் எளிதான அடிப்படைத் தமிழ்ப் பாடம் எடுத்தாலும் அதன் ஏ, பி, சி என்பவை அதே 6, 7, 8-ஆகத்தான் கணக்கில் வரும். அதாவது மதிப்பெண்ணுக்காக மட்டும் விலக்கு வாங்குவதில் பெரிய லாபமில்லை. பிள்ளையின் நேரமும் நிம்மதியும்தான் கேள்வி. நாங்கள் அடிப்படைத் தமிழ் எடுத்தோம். நீங்கள் தொடக்கநிலை 3-இல் இதை முடிவு செய்யவே தேவையில்லை.

ஓய்வு_தமிழ்_டீச்சர்:

அம்மா, 27 வருடம் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். "கொடி"யைக் "கெடி" என்றான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எத்தனை முகம் ஞாபகம் வந்தது தெரியுமா.

அவன் தப்பாகப் பார்க்கவில்லை, வரிசையாகப் பார்க்கிறான். "கொ" என்று எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? கொம்பு முன்னால் வருகிறது, நடுவில் க, பின்னால் கால். வாய் முதலில் சொல்வது க் என்ற ஒலி, கண் முதலில் பார்ப்பதோ கொம்பு. உயிரொலி எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் பிரிந்து கிடக்கிறது. வழக்கமாகப் படிக்கிற பிள்ளைக்கு இது பழகிவிடும். இந்த மாதிரிப் பிள்ளை கொம்பைப் பார்த்தவுடன் "கெ" என்று முடிவு கட்டிவிடுகிறது, காலைக் கண் கவனிப்பதே இல்லை. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகத் தெரிந்தால் "கேடி". உங்கள் மகன் இரண்டு தடவையும் சொன்ன தப்பு அறிவோடு செய்த தப்பு.

நான் செய்தது இதுதான். அட்டையை மூன்று துண்டாக வெட்டி, கொம்பு ஒன்றில், க போன்ற எழுத்து ஒன்றில், கால் ஒன்றில் எழுதி, கொம்பையும் காலையும் சிவப்பில் எழுதுவேன். பிள்ளை கையால் தள்ளிச் சேர்க்க வேண்டும், சேர்ந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு எழுத்து, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு சுழி என்று சொல்லிக்கொண்டே மாவில், மணலில் விரலால் எழுத வைப்பேன். நோட்டுப் புத்தகத்தில் நூறு தடவை எழுதச் சொன்னால் கை வலிக்கும், தலையில் நிற்காது. 247 எழுத்து என்று சுவரில் அட்டவணை ஒட்டிப் பயமுறுத்தாதீர்கள். 12 உயிர், 18 மெய், அதற்கு மேல் குறிகள் சேரும் விதம், இது புரிந்தால் மீதி தானாகக் கட்டிக்கொள்ளலாம். ஆங்கிலத்தைவிடத் தமிழ் இந்த விஷயத்தில் தயவானது. குறியைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துவிடலாம். க-வை எங்கே க, எங்கே ஹ போல, ப-வை எங்கே ப, எங்கே ba போல— சரி, எப்படி எழுதுவது, "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு ப-வும் ஒன்றில்லை. அந்தத் தொந்தரவு மட்டும் இருக்கிறது, ஆனால் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் காது திருத்திவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, ஒரு மொழியை நிறுத்தினால் அது போவதும் இல்லை. அவனுடைய பேச்சுத் தமிழ்தான் அவனிடம் இருக்கும் மூலதனம். நீர்நாய்க் கதையை அவன் சொல்லட்டும், நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், பிறகு அவன் சொன்னபடியே "ஓடிச்சு", "தின்னுச்சு" என்று எழுதிக் காட்டுங்கள். தான் சொன்னதைத் தானே வாசிப்பான். "ஓடியது" என்று மாற்றுவது அடுத்த வாரத்து வேலை. எழுத்துத் தமிழில்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு காலத்தில் வகுப்பில் அடம்பிடித்தோம், நானும்தான். 2005-க்குப் பிறகு பேச்சுத் தமிழை வகுப்பில் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் வாயே திறக்காத பிள்ளைகள் திறந்தார்கள்.

எளிமையாக_இருப்போம்:

எல்லாரும் தமிழை விடாதே விடாதே என்கிறீர்கள். எங்கள் மகளுக்கு டிஸ்லெக்சியாவோடு ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவும் இருந்தது. தொடக்கநிலை 4-இல் விலக்கு வாங்கினோம். அன்று இரவு பத்தரைக்குப் பதில் எட்டரைக்குத் தூங்கினாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், பாட்டியோடு சன் டிவி பார்க்கிறாள், தமிழ் எங்கும் போய்விடவில்லை. பாடத்தையும் மொழியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உறவுக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும், அவர்களா வந்து வீட்டுப்பாடம் செய்து கொடுக்கப் போகிறார்கள்?

ஓய்வு_தமிழ்_டீச்சர்:

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. என் மாணவர்களில் இரண்டு பேருக்கு நானே விலக்குக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன், கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. சரியான முடிவுதான் அது. நான் சொல்வது டியூஷன் ஆசிரியை சொன்ன காரணம் தப்பு என்பதை மட்டும்.

குட்டிமா_அப்பா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 3 வயது ஆகப் போகிறது, இன்னும் பத்துச் சொல் கூட வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. எங்களையும் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். இதுவும் அதே கதைதானா?

ஜூரோங்_ரெண்டு_பசங்க:

தம்பி, உங்களுடையது வேறு, அவசரமும் கூட. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாலிகிளினிக் போங்கள், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் கொண்டு போங்கள், அதில் வளர்ச்சிக்கான பக்கங்கள் இருக்கும். அங்கிருந்து கேகே அல்லது என்யுஎச் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள், பாலிகிளினிக் வழியாகப் போனால் மானியக் கட்டணம். தேவைப்பட்டால் எய்ப்பிக் என்னும் ஆரம்பகாலத் தலையீட்டு மையத்தில் சேர்க்கலாம், 6 வயது வரைக்குமானது, கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பிள்ளையின் பெயரில் உள்ள சிடிஏ சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தையும் அதற்குப் பயன்படுத்தலாம். வரிசை இருக்கும், அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். நீங்கள் என்ன மொழியில் மனசாரக் கொஞ்சுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். தத்தித் தத்திப் பேசும் ஆங்கிலத்தைவிட அது பிள்ளைக்கு நல்லது. தனித் திரி ஆரம்பியுங்கள், அங்கே விவரமாகச் சொல்கிறேன்.

நைட்ஷிஃப்ட்_அண்ணன்:

புங்கோல் தங்கச்சி, இது உங்களுக்கு இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்கு. அவரிடம் காட்டுங்கள். வாசிக்கப் பிடிக்காவிட்டால் வாசித்துக் காட்டுங்கள், நானும் இதைக் கைப்பேசியில் பேசித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் அதன் குற்றம்.

நான் 1987-இல் பிறந்தவன். என் காலத்தில் இந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. என் பெயர் "மக்கு". வகுப்பில் வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு பத்தி. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் பத்தி எது என்று கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வேன். ஒருநாள் எனக்கு முன்னால் இருந்தவன் கழிவறைக்குப் போய்விட்டான். எல்லாம் ஒரு பத்தி மாறிவிட்டது. நான் மனப்பாடம் செய்திருந்த பத்தியைச் சரளமாக ஒப்பித்தேன், ஆசிரியர் வேறு பத்தியில் இருந்தார். வகுப்பே சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நடித்தேன் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், வீட்டில் பெல்ட்.

அப்புறம் பின்தங்கியவர்களுக்கான இஎம்3 பிரிவு, உயர்நிலையில் நார்மல் டெக்னிக்கல், பிறகு ஐடிஇ என்னும் தொழிற்கல்விக் கழகம். ஐடிஇதான் என்னைக் காப்பாற்றியது, அங்கே மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், அதை வாசிக்க வேண்டியதில்லை. இப்போது பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளன், கீழே 11 பேர். ஆனால் சம்பவ அறிக்கை எழுத வேண்டி வந்தால் இன்னும் மனைவிக்குத்தான் ஃபோன்.

என் மகளுக்குப் பார்க்கப் போனபோதுதான், இது குடும்பத்தில் வரக்கூடியது, உங்கள் பக்கம் யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். 34 வயதில், ஒரு சின்ன அறையில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் மக்கு இல்லை என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன்.

அண்ணே, முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. உங்கள் அம்மா சொல்கிறாரே, "இவன் அப்பனும் இப்படித்தான்" என்று. உங்களுக்குத் தானாகச் சரியானதா, இல்லை மறைக்கப் பழகிக்கொண்டீர்களா? நான் கேட்பது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

புங்கோல்_அம்மா:

அண்ணா, இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் குப்பையைக் கீழே போட்டுவிட்டு வருகிறேன் என்று போனார், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எங்கள் மாடியிலேயே குப்பைக்குழி இருக்கிறது.

அந்த வயிற்றுவலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாளை செவ்வாய்.

தெலுக்பிளாங்கா_அக்கா:

நான் சொல்கிறேன். என் மகள் தொடக்கநிலை 5-இல் மூன்று மாதம் பள்ளிக்கே போகவில்லை. அவளுக்கும் ஆரம்பம் வயிற்றுவலிதான். நான் செய்த தப்பைச் சொன்னால் உங்களுக்கு உதவும். முதலில் "நடிக்காதே" என்றேன். பிறகு பாவம் என்று வீட்டில் வைத்துக்கொண்டேன். இரண்டும் தப்பு. வலி நிஜம், பயம்தான் வயிற்றில் உட்கார்ந்து வலிக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை வீட்டில் இருக்கும்போதும், போகாமல் இருந்தால் வலி போய்விடுகிறது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் இன்னும் பலமாக வலிக்கும்.

உடனே செய்யக் கூடியது: இன்று இரவே தமிழாசிரியருக்குச் செய்தி அனுப்புங்கள். புதன்கிழமை வயிற்றுவலியை, காலண்டர் கணக்கோடு, அப்படியே சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்குப் பதில் நாலு சொல் கொடுக்க முடியுமா, வகுப்புக்கு முன்னால் மதிப்பெண்ணை வாசிக்காமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவனிடம், "வலிக்குதுன்னு எனக்குத் தெரியும், நாலே நாலு சொல்தான், ரெண்டு தப்பானாலும் பரவாயில்லை, சாயங்காலம் வாட்டர்வே போகலாம்" என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். நீர்நாய் வராவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

இது நாலைந்து வாரத்தில் தணியாவிட்டால், அல்லது மற்ற நாட்களுக்கும் பரவினால், தூக்கம் சாப்பாடு குறைந்தால், பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். எங்களுக்கு அவர் வழியாகத்தான் ரீச் குழு வந்தது. மனநலக் கழகம் (ஐஎம்எச்) 2007-இல் ஆரம்பித்த ஏற்பாடு அது, உளவியலாளர், சமூக ஊழியர் எல்லாம் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்வார்கள். "ஐஎம்எச்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வீட்டில் என் அண்ணன் போட்ட சத்தம் இருக்கிறதே, குடும்ப மானமே போய்விட்டது மாதிரி. வந்தது ஒரு சின்னப் பெண், மகளோடு உட்கார்ந்து படம் வரைந்தாள், பயத்துக்கு ஒரு உருவம் கொடுக்கச் சொன்னாள், என் மகள் கரப்பான்பூச்சி வரைந்தாள். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஐஎம்எச்சின் குழந்தைகள் வழிகாட்டு மருந்தகம் இருக்கிறது, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

டிங்கிள் ஃபிரெண்ட் எண்ணை அவனுக்குச் சொல்லி வையுங்கள், 1800 2744 788, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கூப்பிட்டுப் பேசுவதற்கு. உங்களுக்கே தாங்க முடியாத இரவு வந்தால் 1771 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. நான் என் மகளுக்காக எல்லா இடத்துக்கும் ஓடினேன், எனக்கு என்று ஒரு நிமிடம் கூடப் பேசவில்லை, கடைசியில் எம்ஆர்டியில் நின்றுகொண்டே அழுதேன். சிராங்கூன் ஸ்டேஷன், வட்டப் பாதை மாறுகிற இடம், ஒரு மலாய்க்கார அம்மா டிஷ்யூ கொடுத்தார்.

புங்கோல்_அம்மா:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், நடுவில் கேட்டவர்களுக்கு நன்றி.

அந்தப் புதன்கிழமை வயிற்றுவலி வந்தது, ஆனால் போனான். நாலு சொல்லில் மூன்று சரி. ஆசிரியருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை, கேட்டவுடன் ஒத்துக்கொண்டார். அடுத்த புதனும் வலித்தது, அதற்கடுத்த புதன் காலையில் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படிவத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். உளவியலாளர் இரண்டு தடவை பார்த்தார், அறிக்கை இன்னும் வரவில்லை, ஆனால் எஸ்டிஆர் வகுப்பில் இப்போதே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று கொடுத்தார்கள், அதைப் போய் நிரப்பியது என் வீட்டுக்காரர்தான், நானில்லை. குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் உண்டா என்ற இடத்தில் "தந்தை" என்று எழுதியிருந்தார். எழுதுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவராகவே பேரனிடம், நீ சொல்லுடா, நான் கேட்கிறேன் என்று நீர்நாய்க் கதையை மறுபடி சொல்லச் சொன்னார். பதிவு செய்தேன். "தின்னுச்சு" என்றே எழுதி வைத்தேன். பதினோரு வரி. இரண்டு இடத்தில் தடுக்கினான், மற்றதை வாசித்துவிட்டான்.

விலக்கு பற்றி இப்போதைக்கு யோசிக்கவில்லை, தொடக்கநிலை 5-இல் பார்க்கலாம்.

டீச்சர், ஒரு சந்தேகம். தேக்காவில் வாங்கிய வண்ண அட்டை ரொம்ப மெலிதாக இருக்கிறது, இரண்டே நாளில் கொம்பு மடங்கிவிட்டது, அவன் அதை வைத்து ஹாக்கி விளையாடுகிறான் என்பதும் ஒரு காரணம். நீங்கள் எந்த அட்டையில் செய்வீர்கள்?

ஓய்வு_தமிழ்_டீச்சர்:

காசு கொடுத்து வாங்காதீர்கள் அம்மா. பழைய தினசரிக் காலண்டரின் பின்னட்டை, இல்லாவிட்டால் சீரியல் பெட்டி. இரண்டை ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் டேப் போட்டுவிடுங்கள். ஹாக்கிக்குக் கொம்பை மட்டும் கொடுங்கள், கால் தொலைந்தால் மறுபடி "கெடி"யாகிவிடும்.